இழுத்தால் ஓடிவரும் நூல்

போன வாரம் பெனிட்டா போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "டீச்சர், திங்கக்கிழமை புது பேட்ச். பதினோரு பேரு. ஒருத்தருக்கும் ஊசி பிடிச்சுப் பழக்கமில்ல. முதல் நாள் என்ன சொல்லிக் குடுக்கணும்?"

என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் பெனிட்டா. தூத்துக்குடியில் கடலைப் பார்த்தபடி ஒரு கன்னியர் மடம் இருக்கிறது. அதன் கைவினைப் பயிற்சி நிலையத்தில் இருபத்தாறு வருஷம், கொக்கி ஊசியால் போடும் குரோஷா பின்னல் சொல்லிக்கொடுத்தேன். ஐம்பத்திரண்டு வயதில், நாளுக்கு நாலு பஸ் ஏறி இறங்கிய முழங்கால் இனி ஆகாது என்று சொல்லிவிட்டதால், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆழ்வார்திருநகரி வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பது பேச்சுக்கு. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். கீரை விற்க வந்த அம்மாளிடம் சில்லறை கொடுக்கும்போது அவள் விரல்களைப் பார்த்தேன். நீண்ட, நிதானமான விரல்கள். "ஒரு நிமிஷம் கையக் குடுங்க" என்று சொல்லி நூலைச் சுற்றிவிட்டேன். அன்றைக்குத் தெருவில் பாதிப் பேருக்குக் கீரை பத்து மணிக்குத்தான் போனது.

"முதல் நாள் ஊசியே கொடுக்காதே" என்று பெனிட்டாவுக்குப் பதில் போட்டேன். அங்கிருந்து இரண்டு கேள்விக்குறி வந்தது. பின்னாலேயே கண்ணை உருட்டும் மஞ்சள் முகம் ஒன்று. சரி, போனில் சொல்லி ஆகாது, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் கற்றுக்கொண்ட கதை சின்னது. அதே நிலையத்தில் ஒரு வருஷப் படிப்பு. மாணவியாக நுழைந்தேன், டீச்சராகத் தங்கிவிட்டேன். அந்த ஒரு வருஷத்தில் எனக்கு நினைவிருப்பது ஒரு சத்தம் மட்டும்தான். சிஸ்டர் அமலா நூலை உருவும் சத்தம்.

சிஸ்டர் அமலாதான் நிலையத்தின் பொறுப்பாளர். ஒடிசலான உடம்பு, பெரிய கண்ணாடி, பக்கத்தில் வந்தால் துணி சோப்பு வாசம். அவர் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. பின்னால் வந்து நிற்பார். குனிந்து பார்ப்பார். எங்கோ ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால் ஊசியை மெல்ல விலக்கிவிட்டு, நூல் நுனியைப் பிடித்து இழுப்பார். சர்ரென்று ஒரு சத்தம். பூவாக, வட்டமாக, இலையாக நின்றதெல்லாம் வரிசை வரிசையாகக் கலைந்து ஓடி வந்து அவர் விரல்களில் ஏறிக்கொள்ளும். நாலு விரலில் சுற்றி, சின்ன உருண்டையாக்கி, நம் மடியில் வைப்பார். "பாத்தியாம்மா, நூல் அப்படியே இருக்கு." அவ்வளவுதான். அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

என் முதல் மேசை விரிப்பை அப்படித்தான் உருவினார். எட்டு நாள் வேலை, அரை நிமிஷத்தில் போனது. அன்று ஏரல் வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். ஏரலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உருண்டையை எடுத்துப் பார்த்தேன். நூலில் ஒரு வெட்டு இல்லை, ஒரு காயம் இல்லை. கொஞ்சம் சுருண்டிருந்தது, அவ்வளவுதான். தைத்த துணியைப் பிரித்தால் ஓட்டை தெரியும். வெட்டிய துணி வெட்டியதுதான். பொங்கிய சோறு மறுபடி அரிசியாகாது. இது மட்டும் எத்தனை தடவை தப்பினாலும் முதலிலிருந்து தொடங்கிக்கொள் என்று திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொள்கிறது. ஊர் வந்து இறங்குவதற்குள் மறுபடி மூன்று சுற்று பின்னியிருந்தேன்.

அதனால்தான் என் வகுப்பில் முதல் நாள் ஊசி கிடையாது. ஆளுக்கொரு தடித்த நூல். விரலில் ஒரு வளையம். வளையத்துக்குள் இரண்டு விரலை விட்டு நூலைப் பிடித்து வெளியே இழுத்தால் இன்னொரு வளையம். அதற்குள்ளிருந்து இன்னொன்று. சங்கிலி. பக்கத்தில் உட்கார்ந்துதான் காட்டுவேன். எதிரே உட்கார்ந்தால் என் வலது அவர்களுக்கு இடதாகிவிடும். அவர்கள் கையில் இருப்பதை ஒருபோதும் வாங்க மாட்டேன். அது சிஸ்டரின் கண்டிப்பு. "உருவிக் குடுக்கலாம்மா. பின்னிக் குடுக்கக் கூடாது. கையிலருந்து வாங்கிட்டா அவ அத மறுபடி வாங்கிக்கிட மாட்டா."

ஒரு மணி நேரத்தில் சங்கிலி வளர்ந்துவிடும். ஒருத்தி தன் உயரத்துக்கு, ஒருத்தி ஜன்னலைத் தாண்டி, ஒருத்தி பக்கத்துக்காரியோடு போட்டி போட்டு வராந்தா வரைக்கும். எல்லா முகத்திலும் ஒரு பெருமை ஏறும். அப்போது சொல்வேன்: "நுனியைப் பிடிச்சு இழுங்க." ஐயோ என்பார்கள். முடியாது என்பார்கள். ஒருத்தி சங்கிலியை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாள். கடைசியில் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு இழுப்பாள். அது ஓடும். அந்த ஓட்டத்தைப் பார்த்து அவள் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அதைப் பார்த்து அடுத்தவள் இழுப்பாள், பிறகு வகுப்பே இழுக்கும், தரையெல்லாம் நூலாக, பெஞ்சு காலெல்லாம் நூலாக, நாற்பது வயதும் ஐம்பது வயதுமான பெண்கள் கத்திக்கொண்டு மறுபடி சங்கிலி போடத் தொடங்குவார்கள். அந்த அரை மணிக்காகத்தான் நான் இருபத்தாறு வருஷம் பஸ் ஏறினேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு தானாக வரும்.

ஒரே ஒருவருக்கு மட்டும் அந்த முதல் நாளைக் கொடுக்காமல் விட்டேன். சூசை அண்ணாச்சிக்கு.

சில வருஷங்களுக்கு முன், ஐப்பசி மழையில் ஒரு காலை. வகுப்பு தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. வாசலில் குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் நின்றார். அறுபதைத் தொடும் வயது. சங்கு குளிக்கப் போனவர். ஆழத்தில் ஒருநாள் காதுக்குள் என்னவோ வெடித்து, இடது காது முற்றாகப் போய், வலது காதில் கத்தினால்தான் கேட்கும் என்று ஆனபிறகு, கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறவர், கிழிந்த வலையைச் சீராக்குகிறவர். இதையெல்லாம் எனக்குச் சொன்னது வகுப்பில் மூத்த மாணவி லூர்து அக்கா. அவர் வந்த காரியத்தைக் கேட்டதும் அவள்தான் அவர் கேட்கும்படி கத்தினாள்.

"ஏலே சூசை, இது பொம்பளையாளு சென்டருலே!"

"தெரியும்க்கா. நான் என்ன பாவாட தைக்கவா வந்திருக்கேன்?"

அவர் மகள் ரோஸ்லினுக்குத் தை மாதம் கல்யாணம். மணப்பெண் தலையில் போடும் வெள்ளை நெட்டுக்கு ஓரத்தில் வைக்கும் லேசைத் தன் கையால் பின்ன வேண்டும். ஆறு முழம். சிஸ்டர் ஏன் என்று அவர் வலது காதில் கேட்டார்.

"எல்லாத்தையும் கடையில வாங்கியாச்சு சிஸ்டர். சேல, செருப்பு, பூவு, மாலை. எங் கை பட்டது ஒண்ணாச்சும் அவ தலையில இருக்கட்டும்னு பாக்கேன்."

"மகள் என்ன சொல்லுறா?"

அவர் சிரித்தார். "எப்பா, என் தலையில மீன் பிடிக்கப் போறியளாங்கா. கல்யாணத்துக்கு எட்டு நாளுக்கு முன்னால வந்து பாப்பாளாம். நல்லா இல்லன்னா வாடகை நெட்டுதான்னு சொல்லிட்டா."

சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார். அதுவே அனுமதி.

அவர் கையைப் பார்த்ததும் எனக்குப் பிடிபடாத சந்தோஷம். தடித்த விரல்கள், நுனியில் தோல் காய்த்திருந்தது. ஆனால் ஊசியை வைத்ததும் அது அங்கேயே பிறந்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. நூலை எந்த இறுக்கத்தில் பிடிப்பது என்பதுதான் புதியவர்களுக்கு மாதக்கணக்கில் வராது. இவருக்கு அது முன்பே இருந்தது. இந்தக் கைக்கு எதற்கு விரல் சங்கிலியும் உருவுகிற விளையாட்டும் என்று நேரே சிப்பிப் பின்னலுக்குத் தாவிவிட்டேன். ஒரே துளையில் ஐந்து கால் விரித்தால் ஒரு சிப்பி. திருப்பி, அதன் நடுவில் குத்தி அடுத்த சிப்பி. காதில் கத்துவதை இரண்டாம் நாளே விட்டுவிட்டேன். மேசையில் விரலால் ஐந்து தட்டினால் ஐந்து கால். அவர் ஐந்து தட்டித் திருப்பிச் சொல்வார்.

வகுப்பும் அவரோடு ஒட்டிக்கொண்டது. மதியம் அவர் நெத்திலிக் கருவாட்டைத் திறந்தால் லூர்து அக்கா என் பக்கம் திரும்புவாள். "டீச்சர், ஜன்னலத் தொறந்து வைக்கட்டா? ஒங்க தயிர்ச்சோறு மயக்கம் போட்டு விழுந்துரப் போவுது."

வகுப்பில் கொஞ்சம், வீட்டில் நிறைய என்று பின்னினார். கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்பு, மூன்றரை முழத்தைக் காகிதத்தில் சுருட்டிக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். தொடக்கத்தில் சிப்பிகள் அழகு. போகப்போக ஆறு கால், ஏழு கால். லேஸ் ஓரிடத்தில் உப்பி, ஓரிடத்தில் சுருண்டு, ஓணான் முதுகு மாதிரி வளைந்திருந்தது.

"ஏன் அண்ணாச்சி கால் கூடிப்போச்சு?" என்று கத்தினேன்.

"ஒரு பெலத்துக்குத்தான்."

சிஸ்டர் வந்தார். குனிந்து பார்த்தார். ஊசியை விலக்கினார். நுனியைப் பிடித்து இழுத்தார். ஒரு சிப்பி கலைந்தது. நின்றது. மறுபடி இழுத்தார். வரவில்லை. சர்ரென்ற அந்தச் சத்தம் பாதியில் அறுந்து வகுப்பே நிமிர்ந்து பார்த்தது. சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு லேசைக் கண்ணருகே கொண்டுபோனார்.

ஒவ்வொரு சிப்பி முடிந்ததும் கடைசி வளையத்தைப் பெரிதாக்கி, அதற்குள் முழு நூல் உருண்டையையும் நுழைத்து இறுக்கியிருந்தார். முடிச்சு. சிப்பிக்கு ஒன்று. வீட்டில் வைத்து, எங்களுக்குத் தெரியாமல்.

"அண்ணாச்சி, இது என்ன?"

"அவுந்துரக் கூடாதுல்லா சிஸ்டர்." அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை. "வலையில கண்ணுக்குக் கண்ணு முடிச்சு. ஒரு கண்ணு அறுந்தா மத்ததாவது நிக்கும். இங்கன ஒண்ணுமே இல்லாம ஒரு இழைய நம்பி எல்லாம் நிக்கி. எம் மவ தலையில வச்சு யாராவது இழுத்துட்டா?"

லூர்து அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏலே, கோயில்ல வச்சு பொண்ணு தலைய எவம்லே இழுப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிஸ்டர் மட்டும் லேசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நூல் அப்படியே இருக்கு என்று அவரால் சொல்ல முடியாமல் போன ஒரே நாள் அது. "இது எனக்கு அடங்கலம்மா. நீ பாத்துக்கோ" என்று என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்கு நாலு வாரம். ரோஸ்லின் பார்க்க வருவதற்கு மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவிழ்த்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி லேசை வீட்டுக்கு எடுத்துவந்தேன். பஸ்ஸில் முதல் முடிச்சைக் குண்டூசியால் நெம்பினேன். ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்கள் கடந்து போயின, முடிச்சு அசையவில்லை. மீன் திமிறினாலும் அவிழாமல் கட்டத் தெரிந்த கை போட்டது. அப்போது எனக்குள் அந்த யோசனை வந்தது. பையில் அதே நூல் இருக்கிறது. அதே நம்பர் ஊசி இருக்கிறது. நான் பின்னினால் பத்தே நாள். யாருக்குத் தெரியப்போகிறது?

பின்னிக் கொடுக்கக் கூடாது என்ற சிஸ்டரின் கண்டிப்பை அன்றுதான் மீறினேன். அந்த பஸ்ஸிலேயே தொடங்கி, சோறு கொதிக்கிற நேரத்தில், தூங்கப் போகும் முன் என்று விடுமுறை முடிவதற்குள் மூன்றரை முழமும் பின்னிவிட்டேன். பல் வைத்தாற்போல வரிசையான சிப்பிகள். வகுப்பு திறந்த அன்று அவர் முன் வைத்தேன். "முன்னால உள்ளதச் சரி பண்ணிட்டேன் அண்ணாச்சி. இதுலருந்து தொடருங்க."

அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். கலங்கல் தண்ணீருக்கு அடியில் சங்கைத் தடவி எடுத்த கை. கட்டைவிரலை லேசின் மேல் ஒரு முனையிலிருந்து நகர்த்தினார். பாதியில் நின்றார். மறுபடி முதலிலிருந்து நகர்த்தினார்.

"இது எங் கை இல்ல டீச்சர்."

எனக்கு முகம் சுட்டது.

"முடிச்சே இல்ல. ஒரு எடத்துலயும் இல்ல." அவர் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "பெறவு எப்படி நிக்கி?"

நுனியைத் தேடி எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேனா என்று எனக்கே தெரியாது. இழுத்தார்.

ஓடியது. என் மூன்றரை முழம், ஒரு சிப்பி விடாமல், ஒரு தடங்கல் இல்லாமல், வலமும் இடமுமாகத் துள்ளிக்கொண்டு ஓடியது. அவருக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்காது. விரலில் கேட்டிருக்க வேண்டும். வாயைப் பிளந்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், முதல் நாள் நான் அவருக்குக் கொடுக்காமல் விட்ட அதே சிரிப்பு, இரண்டரை மாதம் தாமதமாக, இரண்டு மடங்காக. நூலைக் கையில் அள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். காது கேட்காதவர்களுக்கே உரிய பெரிய குரலில் கத்தினார்.

"டீச்சர், நூலு அப்படியே கெடக்கு!"

அடுத்த அறையிலிருந்து சிஸ்டர் வந்துவிட்டார். கலைந்த நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. "நல்லாப் பின்னியிருந்தியாம்மா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு சிஸ்டர்."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருபத்தாறு வருஷத்தில் நான் வாங்கிய ஒரே திட்டு அது.

அண்ணாச்சியோ நிற்கவில்லை. பக்கத்து மேசையில் கிடந்ததன் நுனியைத் தேடினார். லூர்து அக்கா தன் வேலையை மடியோடு அள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஏலே, என் பூவத் தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன்! மூணு நாளாப் பின்னுதேன்!"

அன்று அவருக்கு விரல் சங்கிலி சொல்லிக்கொடுத்தேன். போட்டார், இழுத்தார், போட்டார், இழுத்தார். மறுநாள் ஊசியோடு சிப்பி, வகுப்பிலும் வீட்டிலும் ராத்திரி பகலாக. ஐந்தே கால். ஒவ்வொரு சிப்பி முடிந்ததும் அவர் இடது கை நூல் உருண்டையை நோக்கித் தானாகப் போகும். வளையத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அவரே அதைப் பார்ப்பார், பிறகு மெல்லக் கீழே வைத்துவிடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் கை பரபரத்தது. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தோம்.

பெனிட்டா, கைதேர்ந்தவர் வந்தாலும் முதல் நாளைத் தாண்டாதே என்று நான் சொல்வது இதனால்தான். வீடியோவில் பின்னுவதை நூறு தடவை காட்டுவார்கள். உருவுவதை யாரும் காட்டுவதில்லை.

சொன்னபடி கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்பு ரோஸ்லின் வந்தாள். மெலிந்த பெண், கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, மதிய இடைவேளையில் ஓடி வந்திருக்கிறாள். ஆறு முழமும் மேசையில் நீளமாகக் கிடந்தது. கடைசி வளையத்தை மட்டும் முடிக்காமல் ஒரு சேப்டி பின்னில் மாட்டி வைத்திருந்தார் அண்ணாச்சி. குரோஷாவில் அந்தக் கடைசி வளையத்தில்தான் ஒரு முடிச்சு உண்டு. அதைப் போட்டால் வேலை முடிந்தது. போடாதவரை எல்லாம் அந்த ஒரு இழையில் நிற்கிறது.

அவர் பின்னைக் கழற்றினார். நூல் நுனியை எடுத்து மகள் கையில் கொடுத்தார்.

"நல்லா இருக்கான்னு பாரு. இல்லன்னா இத இழுத்துரு. எல்லாம் வந்துரும். நூல மடத்துக்குக் குடுத்துட்டு நீ வாடகை நெட்டு எடுத்துக்கோ. எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்ல."

இரண்டு மாதம் முடிச்சு முடிச்சாகப் போட்டவர், ஒரு சுண்டு விரல் இழுப்பில் போய்விடக்கூடிய நிலையில் ஆறு முழத்தையும் பெண் கையில் கொடுத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அவள் நுனியைக் கீழே விடாமல், மற்றக் கையால் லேசை எடுத்து நெற்றிக்கு மேலே வைத்தாள். கண்ணாடி இல்லை. போனைத் தூக்கித் தன் முகத்தைப் பார்த்தாள். இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள்.

"எப்பா, இங்கன ஒரு சிப்பிக்கு நாலு காலுதான் இருக்கு."

அவருக்குக் கேட்கவில்லை. அவள் நான்கு விரலைக் காட்டினாள். அவர் குனிந்து எண்ணினார். நான்கு. முகம் விழுந்தது. "உருவிருவமா?" என்றார். உண்மையாகவே கேட்டார். ஐந்து முழத்துக்கு மேல் கலைக்க வேண்டும், எட்டு நாளில் மறுபடி பின்னிவிடுவேன் என்று விரலில் கணக்குப் போட்டார்.

ரோஸ்லின் தலையை அசைத்தாள். "அது இருக்கட்டும். அதப் பாத்தாத்தான் இது கடையில வாங்கினது இல்லன்னு நாலு பேருக்குத் தெரியும்." இதுவும் அவருக்குக் கேட்கவில்லை. நுனியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். தன் இரண்டு கை விரலையும் ஒன்றோடொன்று கோத்து, இறுக்கி இழுத்துக் காட்டினாள். முடிச்சைப் போடுங்க.

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க போடுங்க டீச்சர்."

நான் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

நூலை வெட்டி, நுனியைக் கடைசி வளையத்துக்குள் விட்டு, நிதானமாக, ரொம்ப நிதானமாக இறுக்கினார். லூர்து அக்கா கைதட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். சிஸ்டர் வாசலில் நின்று தட்டினார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் கை அதே இடத்தில் இரண்டாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு போதும்!" என்று வலது காதில் கத்தினேன்.

கேட்காததுபோல மூன்றாவதையும் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.